ஐந்தாம் கேள்விக்கு விடை

கரடியூர்,
ஐப்பசி மாதம், மழை நாள்.

தம்பி யுவராஜுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். மேல்தோட்டத்தை நீ விற்ற நாளிலிருந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இனியும் பேசும் உத்தேசம் இல்லை. எழுத மட்டும் செய்கிறேன். சம்பிரதாயமான நல விசாரிப்பை இதில் தேடாதே. இங்கே எல்லோரும் இருக்கிறோம். மழை விடவில்லை. காப்பிப் பழம் அங்கங்கே சிவக்கத் தொடங்கிவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளை என்ன செய்வதாக இருக்கிறாய்?

சக்தி நர்சிங் முடித்துச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். ஆடியில் அதை விட்டுவிட்டு வந்து, நீ இருக்கும் நாட்டில் நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். சாதாரண ஆங்கிலம் அதற்குப் போதாதாம். டாக்டரும் நர்சும் வேகமாகப் பேசிக்கொள்வதைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். நீண்ட மருத்துவக் கட்டுரைகளை வாசித்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் உணர்த்துகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாசிப்புக்கு நான் இருக்கிறேன் என்றேன். ஆங்கில எம்.ஏ. படித்துவிட்டு எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக ஆள்கணக்கு எழுதுகிறவனுக்கு அந்தப் படிப்பால் முதல்முறையாக ஒரு உபயோகம் வந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் மலையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியது யார் என்பதை நான் மறக்கவில்லை. அது இருக்கட்டும்.

வாசிப்பில் அவள் கெட்டிக்காரி. கேட்டல் பகுதிக்கு மட்டும் என்னை அண்ட விடவில்லை. “உங்க இங்கிலீசு புஸ்தக இங்கிலீசுங்கப்பா. அங்கத்த நர்சுக இப்படி நிறுத்தி நிறுத்திப் பேச மாட்டாங்க” என்றாள். சரி என்று விட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

நீ அறிந்த குப்பாயி இன்னும் எங்கள் எஸ்டேட்டில்தான் பழம் பறிக்கிறாள், இன்னும் அதே வாய்தான். ஒருநாள் ஆள் பேர் எழுதும்போது எல்லோர் முன்னாலும் கேட்டாள். “ஏனுங்க ரைட்டரய்யா, உங்க பாப்பா பொழுது சாயற நேரத்துல ரோட்டு வளைவுல நின்னு யாருகூடவோ இங்கிலீசுல சண்டை கட்டுதுங்களே, யாருங்க அது, மாப்பிள்ளையா?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை நான் போய்ப் பார்த்தேன். அந்த வளைவில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். சக்தி குடைக்குள் நின்று, காதில் எதையோ கேட்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பாடம் இறக்குவதாகச் சொன்னாள். ஊட்டுக்கு வந்தால் புவனேஸ்வரி கேட்காமலேயே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்தால் பின்னால் ஏதோ ஒன்று இருக்கும்.

யாரோ ஒரு பையன் என்றுதான் நினைத்தேன். பையனாக இருந்திருந்தால் அவனையும் அவன் வீட்டாரையும் பார்த்துப் பேசியிருக்கலாம்.

புரட்டாசியில் அவளுடைய இயர்போன் பழுதாயிற்று. மழைச் சத்தத்துக்கு நடுவே கேட்டுப் பழகுவதும் நல்லதுதான் என்று, போனை அடுக்களையில் அரிசி டப்பாவின் மேல் வைத்துப் பாடத்தைப் போட்டாள். நான் முன்னறையில் இருந்தேன். தகரத்தில் விழும் மழையைத் தாண்டி ஓர் ஆண்குரல் இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. உச்சரிப்பெல்லாம் அந்த ஊருக்கு மாறியிருந்தாலும் செருமல் மாறவில்லை. நான் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனேன். புவனேஸ்வரி அடுப்பில் காலிச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

சக்தி மறைக்கவில்லை. “சித்தப்பாதானுங்க. வாரத்துக்கு ஒரு பாடம் அவரே பேசி, கேள்வியும் வெச்சு அனுப்பறாருங்க. நிறுத்தட்டுங்களா?” என்றாள். நிறுத்து என்று சொல்ல வாய் திறந்தேன். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. “சத்தத்தைக் கொறச்சு வை கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்தேன். அவள் குறைத்து வைத்தாள். முன்னறைக்கு அப்போதும் கேட்டது.

உனக்கு இதில் என்ன லாபம் என்றுதான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். லாபமில்லாமல் நீ எதைச் செய்தாய்? உன் பங்கை விற்பதற்கு முன் அண்ணன் என்ற முறையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? சர்வேயர் வந்து ஊற்றின் ஓரமாகக் கல் நட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாம் தண்ணீர் குடித்த ஊற்று இப்போது ரிசார்ட்டுக்காரன் வேலிக்குள் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் அதைச் சுற்றிக் கலர் பல்பு எரிகிறது. புவனேஸ்வரி குடத்தோடு பஞ்சாயத்துக் குழாயில் நிற்கிறாள். ஊற்றை எடுத்துக்கொண்டவன் அடுத்து மகளுக்கு வந்திருக்கிறான் என்று நான் நினைத்தால் அது தவறா?

முதல் சில பாடங்களில் குற்றம் ஒன்றும் இல்லை. தடுப்பூசி, கை கழுவுதல், நோயாளியைத் தூக்கும் முறை. பிறகு ஒரு பாடம் வந்தது. ஒரு காப்பி விவசாயி முதுகுவலிக்கு டாக்டரிடம் வந்து தன் வேலையைப் பற்றிச் சொல்கிறான். பறித்த பழத்தை இரண்டு நாள் மூட்டையில் கட்டி வைத்து, அதன் பிறகு பல்ப்பரில் போட்டுத் தோலுரிப்பானாம். நான் முன்னறையிலிருந்தே கத்திவிட்டேன். “ரெண்டு நாள் மூட்டையில வெச்சா புளிச்சு நாறிப்போகும். பறிச்ச அன்னிக்கே போடோணும். இதுகூடத் தெரியாதவனெல்லாம் பாடம் நடத்த வந்துட்டான்” என்றேன். சக்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் அதே விவசாயி மறுபடி டாக்டரிடம் வந்தான். சென்ற முறை தவறாகச் சொல்லிவிட்டேன், என் அண்ணன் திருத்தினார், இந்த விஷயத்தில் அவர் சொல்வதே சரி என்றான்.

அப்போதுதான் புரிந்தது. பல்ப்பர் வாயருகே நின்று வளர்ந்தவன் நீ. மூட்டையில் பழம் புளிக்கும் என்பது உனக்குத் தெரியாதா? தப்பான பேச்சைக் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு தூண்டில் போட்டிருக்கிறாய். நானும் கவ்வியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம், காப்பி பூப்பது ஐப்பசி மழைக்கு என்றாய். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். விடிந்ததும் தாங்கவில்லை. “கோடை மழைக்குத்தான் பூ வரும்னு உன்ற வாத்தியார்கிட்டச் சொல்லு” என்றேன். “நீங்களே சொல்லுங்களேன், நம்பர் தரட்டுங்களா?” என்றாள். அவளும் உன் பக்கம்தான் என்று அப்போது தோன்றியது.

போன வாரம் வந்த பாடத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

வார்டில் ஒரு நர்ஸ் தன் வேலை முடிந்து, அடுத்து வரும் நர்சிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறாள். இரண்டு குரலும் நீயேதான் பேசியிருந்தாய். கேட்டுக் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும், கடைசியில் ஐந்து கேள்விகள். நோயாளி ஆண். நாற்பத்தாறு வயது. சிறுநீரகம் இரண்டும் பழுது, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மனைவி பிரிந்து போய்விட்டாள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறான். வலது முழங்கையில் பழைய தழும்பு, சிறுவயதில் பலாமரத்திலிருந்து விழுந்தது, அதனால் அந்தக் கையில் ஊசி போடும்போது கவனம் தேவை. ஐந்தாவது கேள்வி, அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது.

யாருமில்லை என்று சக்தி எழுதினாள். நீ அனுப்பிய விடையோடு ஒத்துப் பார்த்தாள். ஐந்தும் சரி. சந்தோஷமாக என்னிடம் சொல்ல வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நொம்ப நல்லது சாமி என்றேன். தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனேன்.

அந்தக் கையை என் துண்டால் கட்டி, உன்னைத் தோளில் சாய்த்துப் பஸ்ஸில் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். வழியெல்லாம் என் சட்டையில் வாந்தி எடுத்தாய். அந்தத் தழும்பின் கதை சக்திக்குத் தெரியாது. அவள் பிறக்கும் முன் நடந்தது. அந்த ஒரு வரி அவளுக்காகப் பேசியது இல்லை.

புவனேஸ்வரியிடம் கேட்டேன். “எனக்கொண்ணும் தெரியாதுங்க. கலாவதி போன் எடுத்தே நொம்ப நாளாச்சுங்க” என்றாள். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. உன் மனைவி கலாவதி பிரிந்து போனதுகூட எங்களுக்கு ஒரு கேட்டல் பாடத்தில்தான் தெரிய வேண்டுமா?

நான் உடனே நம்பிவிடவில்லை. ஒரு தூண்டிலில் சிக்கியவன் அடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். என் மனதைக் கரைப்பதற்காக நீ கட்டிய கதையாக இது இருக்கலாம். அதனால் சக்தியை முதல் பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். “ஏனுங்கப்பா, பரீட்சை எனக்கா உங்களுக்கா?” என்று கேலி செய்தாள். முதல் பாடத்தில் நீ ஒரே மூச்சில் பேசுகிறாய். கடைசியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்குகிறது. மாணவிக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பேசுவதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என் சந்தேகம் இன்னும் பெரிதாகிறது. தனியாகக் கிடக்கும் ஒரு நோயாளிக்கு, நர்சிங் படித்த அண்ணன் மகள் அதே ஊருக்கு வந்து சேர்ந்தால் எவ்வளவு வசதி? அவளை வரவழைப்பது அவள் பிழைப்புக்காகவா, உன் தலைமாட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்காகவா? இதற்கு நேரான பதில் வேண்டும். பாடத்தில் ஒளித்து அனுப்பாதே.

சக்தியிடம் நான் எதையும் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை கோவையில் தேர்வு. அன்று அவள் இரண்டு காதையும் தேர்வுக்குக் கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு சொல்வேன். அவள் போவதை நான் தடுக்கப் போவதில்லை. வேலைக்குப் போவாள், தனக்கென்று ஓர் அறை எடுத்து இருப்பாள். லீவு நாளில் சித்தப்பாவைப் பார்க்க அவளுக்குத் தோன்றினால் வரட்டும். அவளே வர வேண்டும், நீ கேட்கக் கூடாது.

இன்னொன்று. அவள் வேலை பார்த்த சேலம் மருத்துவமனையில், வேறு யாருக்கோ கேட்பது போல விசாரித்தேன். அங்கேயும் டயாலிசிஸ் செய்கிறார்கள். காலை பஸ்ஸில் இறங்கினால் மாலை பஸ்ஸில் திரும்பி வந்துவிடலாம். உன் டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னால் யோசித்துக்கொள். பக்கத்து அறை ஒழுகியது. கூரையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அது மழைக்காகச் செய்வது. மேல்தோட்டத்தை நான் மன்னித்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளாதே. ஊற்றங்கரையில் கலர் பல்பு எரிகிற வரைக்கும் அந்தப் பேச்சு இருக்கும். நீ வந்தால் நேரில் உட்கார வைத்தே கேட்பேன்.

இனி உன் பாடம். அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? யாருமில்லை என்று விடை போட்டிருக்கிறாய். தப்பு. பறித்த பழத்தை மூட்டையில் வைத்ததுபோல, நான் திருத்துவேன் என்று தெரிந்தே தப்பாகச் சொல்லியிருக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. சரி, திருத்திவிட்டேன். அங்கே ஆஸ்பத்திரியில் உன் பேருக்கு எதிரே அந்த இடம் காலியாக இருந்தால் முதலில் போய் அதை நிரப்பு. என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். முகவரி மாறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

நாம் எழுதிய பரீட்சைகளில் விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது. யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. உனக்கு என் எழுத்து தெரியும். இதை இப்படியே, பெயர் போடாமல், நாளைக் காலை ஏற்காடு தபால் நிலையத்தில் சேர்த்துவிடுகிறேன்.