பின் சீட்டில் இன்னொருத்தி

மே 14

அன்புள்ள அக்கா,

ஐந்து நாள் சுற்றிவிட்டு நேற்று மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். கார் உட்பட யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? "போன்ல 'நல்லா இருக்கோம்'க்கு மேல நீ வாயத் தொறக்கமாட்ட, எழுது, எழுத்துலதான் உனக்குப் பொய் வராது" என்று நீ மிரட்டியதால் எழுதுகிறேன்.

உன் மாப்பிள்ளைக்கு லிப்ட் ரிப்பேர் வேலை. வருடம் முழுவதும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிற மனிதருக்கு லீவு கிடைத்தால் நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடலோர ரோட்டில் கலங்கரை விளக்கம் வரை போய், பெரிய பாலம் வழியாகத் திரும்பினோம். நான் முன்னால், மடியில் மேப். அவருக்கு வழி சொல்வது மட்டும் எங்கள் குட்டிப்பெண் மிளகுதான். "லெஃப்ட்டுப்பா" என்று பின்னாலிருந்து இடது கையை நீட்டுவாள். முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடையோடு முடிந்துவிடுகிற கைதான், ஆனால் அவள் நீட்டினால் திரும்பவேண்டிய தெரு தெளிவாகத் தெரியும்.

டீக்கடை அம்மாள் ஒருத்தி, "ஐயோ பாப்பா, கை என்னாச்சு?" என்று கன்னத்தில் கை வைத்தாள். இவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பஸ்ல மறந்து வெச்சுட்டு எறங்கிட்டேன் ஆன்ட்டி" என்றாள். அந்த அம்மாள் பதறிப்போய், "எந்த பஸ்ல?" என்று கேட்டாளே பார்க்கலாம். உன் மாப்பிள்ளைக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. எட்டு வயதுக்கு இவ்வளவு வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பின் சீட்டில் அவள் ஒருத்திதான். இருந்தும் ஒரு பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டு வருகிறாள். பையை நடுவில் வைத்தால் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். ஐந்து நாளும் அப்படித்தான். இதற்கு முந்தைய பயணங்களிலும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மெமரி கார்டு இதோடு இருக்கிறது. எப்போதும்போல ஒரு ஆல்பம் போட்டு அனுப்பு. சம்பளம் முத்தமாகத் தரப்படும், ஆனால் நீ வந்து வாங்கிக்கொண்டால்தான்.

அன்புடன்,
உன் தங்கை

மே 29

சின்னவளே,

ஆல்பம் இந்தப் பார்சலில். உறை கிழியாமல் பிரி, நல்ல அட்டை.

முதுகு இருக்கிறது, அதுதான் பிரச்சினை. காலை ஒன்பதிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் கல்யாண ஆல்பம். மணப்பெண்ணுக்குப் பருவை எடு, மாப்பிள்ளைக்குத் தொப்பையை எடு, சண்டை போட்டுக்கொண்ட சித்தப்பாவைக் குடும்பப் படத்திலிருந்தே எடு. கண்ணை மூடிக்கொண்ட மாமனார்களுக்கெல்லாம் கண்ணைத் திறந்துவிடுவதே என் பிழைப்பாகப் போயிற்று. வீட்டுக்குப் போனால் பேசுவதற்கு ஃப்ரிட்ஜ் மட்டும்தான், அதுவும் அவ்வப்போது முனகி நிறுத்திக்கொள்கிறது.

உங்கள் படங்களை மட்டும் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஸ்டுடியோவில் யாரும் இல்லாதபோது நிதானமாகச் செய்தேன். கொஞ்சம் பளிச்சென்று ஆக்கியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. மிளகு என்ன சொல்கிறாள் என்பதையும் எழுது.

மாப்பிள்ளையை வேகத்தைக் குறைக்கச் சொல்.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆல்பம் வந்த அன்று ஹாலில் தரையில் உட்கார்ந்து மூவரும் பிரித்தோம். முதல் இரண்டு பக்கங்கள் கடலும் ரோடும். மூன்றாவதில் கலங்கரை விளக்கத்துக் கைப்பிடிச் சுவரில் மிளகு சாய்ந்து நிற்கிறாள். சுவர்மேல் அவளுடைய இடது கை. ஐந்து விரல்களோடு. படகில் அந்தக் கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. பாலத்தில் முடியை ஒதுக்குகிறது.

அது அவளுடைய வலது கையைத் திருப்பி ஒட்டியதல்ல. வலது கட்டைவிரலில் பிளேடு பட்ட தழும்பு உண்டு, இதில் இல்லை. அளவு குழந்தையுடையது, ஆனால் விரல் கணுக்களும் நகமும் குழந்தையுடையவை அல்ல. அக்கா, அந்தக் கையை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன் என்றுதான் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வருகிறது.

அதைவிடப் பெரிய சந்தேகம், காரின் உள்கண்ணாடியில் நான் எடுத்த படம். அதில் மிளகு வழக்கம்போல ஒரு ஓரமாக இருக்கிறாள், வலது கையில் பிஸ்கட், இடது கை மடியில், இருக்கிறபடியே. ஆனால் எதிர்ப்பக்கத்துக் காலி ஜன்னலில், கண்ணாடியோடு அழுத்திய ஒரு சின்ன உள்ளங்கை. அங்கே எதற்கு ஒன்றை வைத்தாய்?

நான் ஆல்பத்தை மூடப் போனேன். மிளகு தடுத்தாள். ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓ, இவளா" என்றாள்.

"யாருடி?"

"இவதான். ரெண்டு கை உள்ளவ. சின்னதுலேர்ந்து நம்ம வீட்லதானேம்மா இருக்கா."

உன் மாப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்து, "அப்படியா, எங்க தூங்குவாங்க மேடம்?" என்றார். அவள் அவரைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "அவளுக்கு எடம் வேணும்னுதான் நான் கார்ல ஓரமா உக்காருவேன். அடுத்த தடவ நான் வரலம்மா. நீங்க அவளக் கூட்டிட்டுப் போங்க. ஃபோட்டோக்கு அவதானே வேணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பது போல மரியாதையாகச் சொன்னாள்.

ஜூலை முதல் வாரம் அணைக்கட்டுக்குப் போவதாக இருக்கிறோம். அவளுடைய துணிகளை எடுத்து வைத்தேன். மறுபடி அலமாரிக்குள் அடுக்கிவிட்டாள். எந்தக் குழந்தையோடு நான் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

நீ ஏன் இதைச் செய்தாய்?

தங்கை

ஜூன் 19

சின்னவளே,

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. மூன்று படங்களில் செய்தேன். சுவர், படகு, பாலம். அது என் கை.

வெள்ளைத் துணியை விரித்து, மேஜை விளக்கைச் சாய்த்து, என் இடது கையை வெவ்வேறு மாதிரி வைத்துப் படமெடுத்தேன். பிறகு சிறிதாக்கி, நிறத்தைக் குறைத்து, அவள் கையில் பொருத்தினேன். சின்ன வயதில் உனக்குத் தலை பின்னிவிட்ட கை. தெரியாமல் இருக்குமா உனக்கு? உங்களோடு ஒரு தடவைகூட நான் வந்ததில்லை. கையாவது வரட்டுமே என்று நினைத்தேன். இது கிறுக்குத்தனமாகப் படுகிறது இல்லையா? அப்போது படவில்லை.

ஆனால் நீ என்னை மட்டும் கேட்கிறாயே. தலையைத் தூக்கி உன் ஹால் சுவரைப் பார். டிவிக்கு மேலே இருக்கிறதே, அவள் முதல் பிறந்தநாள் படம். அதைச் செய்து தரச் சொன்னது யார்? "சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும்கா, ஒண்ணே ஒண்ணு, கொஞ்சம் சரி பண்ணிக் குடு" என்று போனில் அழுதது யார்? அன்றும் என் கைதான். மடக்கிய முஷ்டி. அனுப்பிவிட்டு நீ அதைச் சுவரிலும் மாட்டினாய். அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்தது அன்றுதான். குழந்தை பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, காபி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேனே. காபிக் கடை பக்கமே போகவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. முதுகுவலி, வர முடியாது என்று எட்டு வருடம் நான் எழுதியதெல்லாம் பாதிதான் உண்மை.

கண்ணாடிப் படத்தை நான் தொடவில்லை. நீ எழுதியதைப் படித்ததும் கார்டில் இருக்கிற மூலப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன். அதிலேயே இருக்கிறது. உள்ளங்கை ரேகைவரை தெரிகிறது. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன். அன்று வேலை ஓடவில்லை.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

பார்த்தேன். ஏழு வருடமாக வாரத்துக்கு ஒரு முறை நாற்காலி போட்டு ஏறி ஈரத்துணியால் துடைக்கிற படம். இரண்டு முஷ்டிகளோடு உட்கார்ந்து சிரிக்கிறாள். நான் கேட்டதும் உண்மை, அழுததும் உண்மை. துடைத்துத் துடைத்து எனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

உடனே கழற்றிவிட்டேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு.

பள்ளியிலிருந்து வந்தவள் வெறும் ஆணியைப் பார்த்தாள். "அவள எங்கம்மா அனுப்புன?"

"அனுப்பலடி, படத்தக் கழட்டினேன்."

"அவ என்ன பண்ணா?"

அன்றிலிருந்து மிளகு ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள். செருப்புகளை வரிசையாக வைத்தாள். கேட்காமலே பால் குடித்தாள். போர்வையை முழங்காலில் அழுத்தி நான்காக மடித்தாள். வீட்டில் ஒரு சத்தமில்லை. இரண்டு கை உள்ளவளையே அனுப்பிவிட்டார்கள் என்றால் தன்னை எப்போது அனுப்புவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. அணைக்கட்டுக்குப் போகலாம் என்றதும் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டாள். ஓரமாக.

பாதி வழியில் டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் வெறும் நிலம், ஒரு மரம்கூட இல்லை. அவர் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தோம். சொல்லிவிட்டேன். "அப்படி ஒருத்தி கெடையாது. அது நீதான். நான்தான் பெரியம்மாகிட்டச் சொல்லிக் கைய ஒட்ட வெச்சேன். அது பெரியம்மா கை."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"என்னப் பாத்தா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா. மொதல்ல. உன்ன எப்படித் தூக்கறதுன்னே தெரியல எனக்கு."

"இப்ப?"

"இப்ப நீ இல்லாத நேரந்தான் பயமா இருக்கு."

கொஞ்ச நேரம் கல்லைக் காலால் தட்டினாள். பிறகு காருக்குக் குரல் கொடுத்தாள். "அப்பா, நீங்களும் என்னப் பாத்துப் பயந்தீங்களா?"

"நான் உங்கம்மாவப் பாத்துத்தாண்டி பயந்தேன். இன்னும் தெளியல. அந்த ஸ்பானர எடு."

எடுத்துக் கொடுக்க ஓடினாள். ஓடும்போது செருப்பை வேண்டுமென்றே உதறிவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

கார் கிளம்பியபோது பின் சீட்டில் நட்ட நடுவில் உட்கார்ந்தாள். காலை இந்தக் கதவுக்கும் தலையை அந்தக் கதவுக்குமாக நீட்டிப் படுத்துப் பார்த்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அவ எங்கடி?" என்று கேட்டுவிட்டேன்.

"எறங்கிட்டா. நீ பேசிட்டிருக்கும்போதே."

"இந்த வெட்டவெளியிலயா? எங்க போவா?"

"அவளுக்கு இருக்கறதே பெரியம்மா கைதான். பெரியம்மாகிட்டத்தான் போவா."

"பெரியம்மா பாவம், தனியா இருக்காங்களே."

"அப்ப நல்லதுதானேம்மா" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பஞ்சரான இடத்தில், அந்தக் கல்மேல், யாரும் இல்லை. இல்லை என்றுதான் உன் மாப்பிள்ளையும் சொல்கிறார். கண்ணாடியில் அவரும் பார்த்தார் என்பதை நான் கவனித்தேன்.

அக்கா, இந்த முறை கார்டு அனுப்பப் போவதில்லை. கோபத்தால் அல்ல. முதல் தப்பு என்னுடையது. ஆனால் இனிமேல் அவளைப் படமாக உன்னிடம் அனுப்ப முடியாது. நீ வா. துணியை விலக்கிவிட்டு வெளியே போனாயே, அந்த இடத்திலிருந்து மறுபடி வா. அவள் முத்தம் பாக்கி வைத்திருக்கிறாள். காரில் இடம் இருக்கிறது.

உன் தங்கை

பி.கு. மிளகு எழுதுவது: பெரியம்மா, அவள் வந்துவிட்டாளா? அவளுக்கு ஜன்னல் பக்கம்தான் பிடிக்கும். நீங்கள் எப்போது வருவீர்கள்? என் கையை நீங்கள் தொட்டுப் பார்க்கலாம், வலிக்காது.

ஜூலை 21

சின்னவளே,

இதுவரை நீ அனுப்பிய எல்லாப் படங்களும் இந்தக் கார்டில் இருக்கின்றன, ஒன்றையும் தொடாமல். முதல் பிறந்தநாள் படமும் இருக்கிறது. அதைப் பெரிதாகப் போட்டு அந்த ஆணியில் மாட்டு. நேற்று அதை நீண்ட நேரம் பார்த்தேன். அழகாக இருக்கிறாள்.

சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பை கட்டி, செருப்பும் போட்டாயிற்று. ரத்து செய்துவிட்டேன். முதுகைக் காரணம் சொல்லப் போவதில்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது.

மிளகிடம் சொல், வந்துவிட்டாள் என்று. போன புதன்கிழமை, பட்டப்பகலில். ஜன்னல் பக்கம்தான் படுக்கை போட்டிருக்கிறேன். சத்தமே கிடையாது. ஃப்ரிட்ஜ் முனகினால் மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். நான் வேலைக்குப் போகும்போது கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் ஸ்டுடியோவில் சொல்லிவிட்டு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நீங்கள் மூவரும் ஊரெல்லாம் சுற்றுங்கள். நடுவில் உட்கார்ந்து வரச் சொல் மிளகை. தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாளே, அந்த ஒரு வரிக்காக எத்தனை முறை கதவுவரை போனேன் தெரியுமா?

உண்டாக்கியவள் நான். இவளை இங்கே தனியாக விட்டுவிட்டு வர முடியாது. கூட்டிக்கொண்டு அங்கே வரவும் கூடாது.

அக்கா