சீமையில் கேட்ட தமிழ்ச் சொல்

அம்மா,

இன்று காலை அலுமாரியைத் திறந்தபோது பூச்சி உருண்டை வாசத்தோடு அந்தக் கம்பளிக் கோட்டு கையில் பட்டது. ஒரு கிழமையாகத் தெஹியோவிட்டையில் மழை விடவில்லை. சுவரெல்லாம் ஈரம். கோட்டின் கழுத்துப்பக்கம் பூஞ்சணம் பூத்திருந்தது. துடைத்துக் கொடியில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். சீமையில் குளிருக்கென்று தம்பி வாங்கித் தந்த கோட்டு. "இதப் போட்டா கரடி கணக்கா இருக்கு புள்ள" என்று முனகிக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டுதான் நீங்கள் அங்கே துரையின் கிராமத்துக்கு வந்தீர்கள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கண்களைப் பற்றி இந்தத் தோட்டமே பேசியிருக்கிறது. ரப்பர் மலையில் பால் வெட்டுகிற ஒருத்திக்குச் சாம்பல் நிறக் கண்கள் எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். உங்கள் அம்மா காத்தாயி பெரிய பங்களாவில் ஆயாவாக இருந்தவர். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் சின்ன மகளைப் பார்த்துக்கொண்டவர். வயிறு தெரியத் தொடங்கியதும் அவரைத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு அனுப்பிவிட்டு, மனைவியை இழந்த ஒரு பால்வெட்டுக்காரருக்குக் கட்டிவைத்தார்கள். அந்த நல்ல மனிதரைத்தான் நீங்கள் கடைசிவரை அப்பா என்றீர்கள். ஆனால் லயத்தில் தண்ணீர்ச் சண்டை வந்தாலும் கோழிச் சண்டை வந்தாலும் பேச்சு அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். "பங்களாச் சோத்துக்கு ஆசப்பட்டுப் போனவ மகதானே" என்பார்கள்.

உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை உங்கள் அம்மாவிடம் நேராகவே கேட்டீர்களாம். "நீயாத்தான் போனியா?" அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாராம். சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாராம். அந்த மௌனத்தையே நீங்கள் பதிலாக எடுத்துக்கொண்டீர்கள். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய விதமெல்லாம் பார்த்தீர்கள். கடைசியில் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி அனுப்பியதும் நீங்கள்தான். ஆனால் அழவில்லை. இதை நீங்களே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தம்பி சீமையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பிறகு, அவன் மனைவியின் பிள்ளைப்பேற்றுக்கு நாம் இருவரும் போனோம். அவன் அதற்கு முன்பே துரையைப் பற்றித் தேடத் தொடங்கியிருந்தான். நமது தோட்டத்துக்கு நாம் சொல்லும் பெயர் ஒன்று, தொழிற்சாலைக் கூரையில் வெள்ளை எழுத்தில் இருக்கும் இங்கிலீஷ் பெயர் இன்னொன்று அல்லவா? அந்த இங்கிலீஷ் பெயரைக் கைப்பேசியில் தேடியபோது ஒரு கல்லறையின் படம் வந்ததாம். ஏதோ ஒரு கிராமத்தில், பழைய கல்லறைகளையெல்லாம் ஊர்க்காரர்கள் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு கல்லில் ஓர் ஆளின் பெயர். அதற்குக் கீழே, இலங்கையில் இன்ன தோட்டத்தில் இருந்தவர் என்று நமது தோட்டத்தின் பெயர். நாம் சுருட்டுத் துரை என்று மட்டுமே கேள்விப்பட்ட ஆளுக்கு முழுப் பெயர் கிடைத்தது அப்படித்தான்.

தம்பி அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதினான். துரையின் மகள் இன்னும் அதே ஊரில், துரை கடைசியில் இருந்த அதே வீட்டில் இருக்கிறார் என்றார்கள். பிறகு அந்த அம்மாளின் மகன் தொலைபேசியில் பேசினார். வணக்கம் சொன்ன கையோடு அவர் கேட்டது, "உங்கள் அம்மாவுக்கு எங்களிடம் என்ன வேண்டும்?" என்பதுதான்.

தம்பி திரும்பி உங்களைப் பார்த்தான். "ஒன்னே ஒன்னு கேக்கணும்னு சொல்லு. வேற ஒன்னும் வேணாம்" என்றீர்கள்.

தம்பிக்கு அன்று வேலை. நாம் இருவர் மட்டும் ரயிலில் போய், பிறகு பஸ் பிடித்தோம். வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய பாதை. இரண்டு பக்கமும் உயரமான வேலி. நம்மூர்த் தெரணியகலை பஸ்ஸில் போவது போல் உங்கள் கை முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்போதுதான் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று சொன்னீர்கள்.

"அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அப்போ சின்னப் புள்ளதானே."

"அந்த வீட்டுல அப்போ இருந்தவங்கள்ல இப்ப உசிரோட இருக்கிறது அவங்க ஒரு ஆள்தான். வேற யார்கிட்டப் போய் கேப்பேன்?"

"உங்க அம்மா விரும்பித்தான் போனாங்கன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். தெரியாமயே போறதுக்கு அது பரவால்ல." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "நீ டீச்சர். நல்லதா மாத்திச் சொல்லுவ. அப்படிச் செய்யாத. அவங்க வாயில வர்றத அப்படியே சொல்லு."

கதவைத் திறந்தவர் அந்த மகன். உயரமான ஆள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் கண் ஒரு நொடி நின்று, உடனே தரைக்குப் போய்விட்டது. உள்ளே அவருடைய அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்த உடம்பு. மடியில் போர்வை. அவர் கண்ணைத் திருப்பவில்லை. உங்களைப் பார்த்தபடியே இருந்தார். நீங்களும்தான். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சாம்பல் கண்கள்.

மகன்தான் பேசத் தொடங்கினார். "முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த வீடும் காணியும் என் அம்மாவுக்குச் சொந்தமானவை. அதைப் பற்றிய பேச்சு எதுவும் இருக்கக்கூடாது."

நீங்கள் கேட்டபடி அதை அப்படியே தமிழில் சொன்னேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். "எங்களுக்கும் வீடு இருக்குன்னு சொல்லு. ஓடு போட்ட வீடு" என்றீர்கள், வெகு அமைதியாக. நான் சொன்னதும் அவர் காது சிவந்தது.

பிறகு நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்து, அந்த அம்மாளை நேராகப் பார்த்துக் கேட்டீர்கள். "எங்கம்மா காத்தாயி உங்க அப்பாகிட்ட விரும்பிப் போனாங்களா? ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அந்தக் கேள்வியை இங்கிலீஷில் சொல்ல நான் பட்ட பாடு! எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மொழி. ஒவ்வொரு சொல்லும் கல்லைப் புரட்டுவது போல் இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் மகன் எழுந்துவிட்டார். "என் அம்மா அப்போது ஒரு குழந்தை. அவரிடம் கேட்கிற கேள்வியா இது? தயவுசெய்து போய்விடுங்கள்."

நான் பையை எடுத்துக்கொண்டேன். நீங்கள் அசையவே இல்லை.

"உட்கார்" என்றார் அந்த அம்மாள். மகனைத்தான். அவர் உட்காரும் வரைக்கும் காத்திருந்துவிட்டு என்னிடம் பேசினார்.

"எனக்கு ஒரு சொல் தெரியும். உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்வாயா? அது என்ன சொல்லென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. எப்போதும் என் ஆயா என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பாள். மத்தியானம் சாப்பிட்டதும் என்னைத் தூங்க வைக்க வேண்டும். என் அம்மா அப்போது இங்கே, சீமைக்கு வந்திருந்தார். ஆயா என் கையைப் பிடித்துக்கொள்வாள். அப்பா மலையிலிருந்து வந்து கதவில் நிற்பார். அவளைக் கூப்பிடுவார். அவள் எழுந்திருக்க மாட்டாள். என் கையை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள், எனக்கு வலிக்கும். அப்பா என்னைப் பார்த்துக் கையை எடு என்பார். நான் எடுத்துவிடுவேன். அப்பா சொன்னால் கேட்க வேண்டும் இல்லையா? ஒவ்வொரு தடவையும் அவள் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். மெதுவாக, என் காதுக்குள்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைக்கார நாக்கில் அது நசுங்கி வந்தது.

"விடாடே, பாப்பா. விடாடே."

அது 'விடாதே' என்று எனக்குப் பிடிபட ஒரு கணம் ஆயிற்று. உங்களுக்கு அந்த ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். அன்று நீங்கள் என்னிடம் மொழிபெயர்ப்புக் கேட்காத ஒரே பேச்சு அதுதான்.

"என்ன அது?" என்று அந்த அம்மாள் கேட்டார். "நல்ல சொல்லா? நான் அதைத் தாலாட்டு என்று நினைத்திருந்தேன்."

நான் உங்களைப் பார்த்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு இருக்கும் ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகமும் மாறியிருந்தது. "சொல்லவேண்டாம்" என்று அவர் கண் கெஞ்சுவது போல் இருந்தது. நீங்கள் கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் நினைத்திருந்தால் "ஆமா, தாலாட்டுத்தான்னு சொல்லிரு" என்று முடித்திருக்கலாம். அப்படிச் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு மனம் கேட்டது.

"சொல்லு" என்றீர்கள். குரல் உடைந்திருந்தது. "அது அவங்களுக்குச் சொன்ன வார்த்த. அவங்களுக்குத் தெரியணும். ஆனா சின்னப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல, அதையும் சேத்துச் சொல்லு. முதல்ல அதச் சொல்லு, பொறகு இதச் சொல்லு."

நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன்.

அந்த அம்மாள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அது யாருடைய கையோ என்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் அழுத விதம் எனக்கு எழுத வரவில்லை, அம்மா. மகன் போய் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டார். வெகுநேரத்துக்குப் பிறகு அந்த அம்மாள் கேட்டார், "அவளுக்குப் பெயர் என்ன? எனக்கு ஆயா என்று மட்டும்தான் தெரியும்." நீங்கள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, "காத்தாயி" என்றீர்கள். அவர் சொல்லிப் பார்த்தார். நீங்கள் திருத்திக் கொடுத்தீர்கள். மறுபடி சொன்னார்.

புறப்படும்போது மகன் தயங்கித் தயங்கி, துரையின் கல்லறை பக்கத்தில்தான், பார்க்க விருப்பமென்றால் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். நீங்கள் தலையாட்டி மறுத்தீர்கள். பஸ் நிற்கும் இடம் கல்லறை இருந்த தேவாலய மதிலுக்கு நேரெதிரே. உள்ளே எந்தக் கல் அவருடையது என்று பார்க்க என் கண் போனது. நீங்கள் மதிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டீர்கள். அப்புறம்தான் எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னீர்கள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் படுத்தா அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் படுப்பா. நான் பெரிய மனுசியான பொறகும் அப்படித்தான். எனக்கு எரிச்சலா வரும். உதறி விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன் புள்ள."

அங்கே, யாருமில்லாத அந்தப் பாதையோரத்தில், நீங்கள் உங்கள் அம்மாவுக்காக அழுதீர்கள். பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார்.

திரும்பி வந்தபிறகு ஒன்று நடக்கும் என்று நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவில், அன்னதானப் பந்தியில் நடந்தது. பழைய கங்காணி வீட்டுப் பெரியவர் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி, "துரை வீட்டு வாரிசு சீமைக்குப் போய் வந்திருச்சே. பங்களாவ எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். நீங்கள் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தீர்கள். வாளியைக் கீழே வைத்தீர்கள்.

"எங்கம்மா துரைகிட்டப் போகல்ல. கைய இழுத்துக்கிட்டுப் போனான். இது அவன் மகளே என்கிட்டச் சொன்னது. இனி யாருக்காச்சும் எங்கம்மாவப் பத்திப் பேசணும்னா, இந்த மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனீர்கள். பரிமாறினீர்கள், ஒரு துளி சிந்தாமல்.

மறுநாள் சாயந்தரம் மேட்டு லயத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நம் வீட்டுப் பக்கமே வராதவர். படியில் உட்கார்ந்து, வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு, "எங்க பெரியம்மாவும் பங்களாவுல வேல செஞ்சவதான்" என்றார். நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். அவருக்குப் பிறகு கஹவத்தைப் பக்கமிருந்துகூட ஒருத்தி வந்தாள். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னாள். நீங்களும் அப்படியே இரண்டிலும் பதில் சொன்னீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷமாகப் போகிறது. அவர்கள் இன்னும் வருகிறார்கள், அம்மா. நேற்று அந்த மழையிலும் ஒருத்தி வந்தாள். நீங்கள் இல்லை என்பது தெரிந்தும், "அம்மா கேப்பாங்கன்னு சொன்னாங்க. நீங்க கேப்பீங்களா?" என்று வாசலில் நின்றபடி கேட்டாள். நான் டீச்சர், கேள்வி கேட்டே பழகியவள். ஆனால் நேற்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பால் விடாத பிளேன்டீயும் ஒரு துண்டு வெல்லச் சக்கரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் பேசத் தொடங்கினாள்.