முற்றத்தில், உங்கள் கட்டிலில்

என் அருமை அப்பா,

நேற்றிரவு உங்கள் மடிப்புக் கட்டிலைப் போட்டு முற்றத்தில் படுத்தேன். தனியேதான். "பொம்பிளைப் பிள்ளை வெளியில படுக்கிறதோ?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஐம்பதைத் தாண்டிய பிள்ளை, அப்பா. என்னைத் தூக்கிக்கொண்டு போகிறவன் விடியமுன் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவான்.

உங்கள் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்ததிலிருந்து எனக்கு வீட்டுக்குள் நித்திரை இல்லை. உங்கள் அறைக் கதவைத் திறந்து வைத்தாலும் பயம், சாத்தி வைத்தாலும் பயம். தம்பி கொழும்பிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறான். "வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ அக்கா, இங்க ஒரு அறை சும்மாதான் கிடக்கு" என்கிறான். ஓர் இரவு வெளியே படுத்துப் பார்க்கிறேன், அங்கேயும் கண் மூடாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

உங்களை எவ்வளவு கேலி செய்திருப்பேன். மெத்தைக் கட்டில் சும்மா கிடக்க, கச்சான் காற்று வெக்கையோடு தொடங்கினால் அன்புவழிபுரத்துக்கே காவல்காரர் மாதிரி முற்றத்தில் கிடப்பீர்கள். கேட்டால், "உள்ளுக்குப் புழுக்கம் பிள்ளை" என்பீர்கள். மின்விசிறி வாங்கித் தந்த பிறகும் அதே கதைதான். நட்சத்திரம் பார்க்கிறீர்களாக்கும் என்று நினைத்தேன். நேற்றுப் பார்த்தால் பாதி வானத்தை மாமரம் மறைக்கிறது. மீதியில் இருந்தவற்றுக்கு எனக்குப் பெயர் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

நுளம்புக்குப் பயந்து உங்கள் வெள்ளைப் போர்வையால் தலையோடு மூடிக்கொண்டேன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. நாய்கள் குரைத்து ஓய்ந்தன. உள்ளே படுக்கும்போது பக்கத்தில் சுவராவது இருந்தது, இங்கே அதுவும் இல்லை. அழுதேன் அப்பா. கேட்க ஆளில்லை என்ற துணிவில் உரத்தே அழுதேன்.

அழுது ஓய்ந்து கிடந்தபோது ஒழுங்கைக்குள் யாரோ மோட்டார் சைக்கிளை உருட்டி வரும் சத்தம் கேட்டது. நம் வரிசையில் கடைசி வீட்டுச் சுதன், நிலாவெளி விடுதியில் சமையல் வேலை முடிந்து வருகிறான். நம் கேற்றடியில் நின்றான்.

"ஐயா, படுத்திட்டியளோ?"

உங்களைப் பாடையில் சுமந்தவர்களில் அவனும் ஒருவன். எனக்கும் என்ன பிடித்ததோ, போர்வைக்குள் இருந்தபடியே, "ஓம், வந்திட்டியோ?" என்றேன்.

எழும்பிப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் விழுந்து கிடக்கிறது, அவன் வேலியோடு ஒட்டி நிற்கிறான்.

"அக்காவோ? குறை நினையாதேங்கோ. கட்டில்ல ஆள் கிடக்கக் கண்டதும் பழக்கத்தில வாய் வந்திட்டுது."

"ஒவ்வொரு நாளும் கேக்கிறனியோ?"

"ஓம். ஐயாவும் வந்திட்டியோ எண்டு கேப்பார். என்ர மனிசி குவைத்துக்குப் போன நாளில இருந்து." வண்டியை நிமிர்த்தினான். "இப்ப வீட்டை வந்தாலும் வந்த மாதிரி இல்லை, அக்கா."

இதற்காகத்தானா புழுக்கம் என்றீர்கள்? அல்லது உண்மையாகவே புழுக்கம்தானா? பின்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

எதிர்வீட்டு மாமி விடிந்ததும் தன் கேற்றில் வேப்பங்குழை செருகிவிட்டார். இரவு உங்கள் கட்டிலிலிருந்து கதைக்கிற சத்தம் கேட்டதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, உங்களிடம் சொல்லத் திரும்பினேன், நீங்கள் இல்லை.

பிறகு தம்பி எடுத்தான். "நித்திரை கொண்டனீங்களோ?"

"இல்லையடா. ஒரு பொட்டும் கண் மூடேல்ல."

"அப்ப வெளிக்கிடுங்கோ. சனிக்கிழமை வாகனம் அனுப்புறன்."

"வேண்டாம். நான் இங்கயே இருக்கிறன்."

ஏன் என்று கேட்டான். சுதன் வேலையால் வர இருட்டிப் போகும் என்று சொன்னால் அவனுக்கு விளங்குமா?

தனிமை போய்விடவில்லை, அப்பா. பொய் சொல்ல மாட்டேன். நான் எங்கேயாவது போய்த் திரும்பி வந்தால், வந்திட்டியோ என்று என்னைக் கேட்க இனி யார் இருக்கிறார்கள்? அது தெரியாமல்தான் இருக்கிறேன்.

ஆனாலும் மழை தொடங்கும்வரை முற்றத்திலும், தொடங்கிவிட்டால் விறாந்தையிலும் படுப்பேன். சுதன் வருகிற நேரம் விழித்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் நம் வீட்டிலேயே இருக்கும்,
உங்கள் மூத்த பிள்ளை