இரவல் கன்று

திங்கள், 9 ஜூலை 1984

எட்டு மணிக்கே கோட்டைப் பாறை கொதிக்கிறது.

மனு எழுதக் கூலியாக நான் பால் வாங்குவதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. இன்று ரேஷன் வரிசையில், என் முதுகுக்குப் பின்னால்: "கான்வென்ட்டு கெய்வி சும்மாவா பாரம் எய்தும்? மாட்டு லோன் வந்தா தெனம் ஒரு படி பால் போவுதாம்." திரும்பினேன். வாயை மூடிக்கொண்டார்கள். பதினான்கு பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒரு டம்ளர் மோர்கூட வாங்கியதில்லை. மையும் காகிதமும் என்னுடையவை.

ஏன் எழுதுகிறேன்? தொண்டூர் குப்பம்மாள் போன வருடம் இதே வங்கிக் கடனில் வெள்ளாடு வாங்கினாள். குட்டிகளை விற்றே தவணை கட்டினாள். இப்போது கூரையில் ஓடு. கடலை பிடுங்கப் போகிற வீட்டில் முன்பணம் கேட்டு நிற்பதில்லை. அதனால்தான்.

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதாம். நாளை மறுபடி நிற்க வேண்டும்.

செவ்வாய், 10

ஆடிக்கு முன்பே காற்று. கொடியில் வெள்ளைப் புடவை முழுக்க மண்.

பின்வீட்டு ஜரீனாவின் கடன். கணவர் தகரப் பெட்டி செய்தவர்; கண் மங்கி வேலை நின்றுவிட்டது. இரண்டு வெள்ளாடுகள்தாம் வீட்டை ஓட்டுகின்றன. இன்னும் ஐந்து வேண்டும் என்று மனு. ஆடு மலையடிப் புதரில் மேயும், தீவனச் செலவில்லை. தெளிவாக எழுதியிருந்தேன். வங்கியிலிருந்து வந்த ஆள்: "ஆட்டு கோட்டா முடிஞ்சிச்சு. மாடுதான் இருக்குது. வேணுமா, வேணாமா?" வேணும் என்றாள். வேறென்ன சொல்வாள்?

சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை என்னிடம் நீட்டினான். "ஒங்க கையெழுத்து இருந்தா மேனேஜர் கேள்வியே கேக்க மாட்டாரும்மா." போட்டேன். அடியில் ஜரீனா கைநாட்டு.

வியாழன், 12

மாடு வந்தது. செவலைப் பசு, ஒரு கன்று, வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு தரகர். ஜ. கன்றை மடிக்கு விட்டாள். பசு உதைத்தது. மறுபடி விட்டாள். மறுபடி உதை.

"அம்மா, இது இதோட கன்னு இல்ல. மோந்துகூடப் பாக்கல பாருங்க."

"லாரியில வந்த அலுப்பு, தங்கச்சி."

"அலுப்புல பெத்ததை மறந்துடுமா? ஒம் பொண்டாட்டி மறந்தாளா?"

கறந்து பார்த்தாள். அரை டம்ளர். தரகர் என் பக்கம் திரும்பினார். "பெரியம்மா பாத்துத்தானே கையெத்து போட்டாங்க. அப்பால இன்னா?"

தாளில் இருந்தது: "மாட்டை நேரில் பார்த்தேன். நல்ல கறவையில் உள்ளது." கையெழுத்து செவ்வாய். மாடு வியாழன். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தார்கள். வாசித்தேன், இரண்டு முறை. வாசித்துவிட்டுத்தான் போட்டேன். ஒருவன் புகழ்ந்தான், எழுபது வயதில் மயங்கினேன். சீ.

நான்கு மணிக்குத் தரகர் திரும்பி வந்து கன்றை மட்டும் அவிழ்த்தார். "இன்னொரு எடத்துல மாடு எறக்கணும். கன்னு வேணும்." கூச்சமே இல்லை.

வெள்ளி, 13

வங்கி. மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். குடிக்கவில்லை. "ரெக்கார்டுல கறவை மாடுன்னு இருக்குது, மேடம். நீங்களே சாட்சி. வேணும்னா எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

வெளியே ஜ. "தவணைக்கு ஆட்டை வித்துடறேம்மா. நாளன்னிக்கி கறிக்கடை பாய் வர்றாரு."

இருக்கிற இரண்டும் போனால் அந்த வீட்டில் என்ன மிச்சம்? பால் இல்லாத பசு. ஆத்திரத்தில் அவள்மேல் பாய்ந்தேன்: மாட்டைப் பார்க்காமல் நீ ஏன் கைநாட்டு வைத்தாய்?

"நீங்க படிச்சவங்க. நீங்க போட்டீங்களேன்னுதான் வச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

சனி, 14

மேகம் வந்தது, போனது. பசு இப்போது என் வீட்டு வேப்பமரத்தடியில். வைக்கோல் ஒரு கட்டு, பிண்ணாக்கு. அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

கறிக்கடைக்குப் போய் வந்தேன். அந்த வாசலில் நான் நின்றது இதுவே முதல் முறை. ஆடுகளை வாங்காமல் ஒரு வாரம் பொறுப்பாராம். "ஒங்க பேச்சுக்காகத்தாம்மா."

மேனேஜருக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. இது வெளியே தெரிந்தால், பாலுக்காகத்தான் பொய்ச்சாட்சி போட்டாள் என்பார்கள். சொல்லட்டும். நகல்:

"ஐயா, 10-ஆம் தேதி நான் போட்ட சாட்சி பொய். அன்று மாடு வரவேயில்லை. தவறு என்னுடையது, ஜரீனா பீவியுடையது அல்ல. பசு என் வீட்டில் இருக்கிறது. கன்று இப்போது யார் வீட்டில் என்று தரகரைக் கேளுங்கள். ஜரீனா பீவி கேட்டது ஐந்து வெள்ளாடுகள். பசுவை எடுத்துக்கொண்டு ஆடுகளைத் தருவீர்களா, மாட்டீர்களா? ஆள் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்."