சுருளிப்பட்டி வியாழக்கிழமைகள்

5 ஜூன் 2025, வியாழன்

வீடு தேடிப் போய் மனநல சேவை தரும் இந்தக் கம்பெனியில் எனக்கு மூன்று வருடம் முடிந்தது. தேனி ஆபீசில் கேக் வெட்டி, 'பாண்டீஸ்வரி, மூத்த மனநல ஆலோசகர்' என்று புது அட்டை கொடுத்தார்கள். என் மாமியாருக்கு இது இன்னும் 'பைத்தியக்கார ஆபீஸ்'தான். சொல்லிவிட்டுப் போகட்டும். எத்தனை வீட்டில் மறுபடியும் தொண்டைக்குள் சோறு இறங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

சுருளிப்பட்டி விஜய்பாண்டி இன்று வாசல் வரை வந்தான்! இருபத்தாறு வயது. யாரோ காதுக்குள் திட்டுகிறார்கள் என்று எட்டு மாதமாக அறையை விட்டு வராதவன். டாக்டர் மாத்திரை, என் பேச்சு – நான்கு மாதம் ஆயிற்று. தோட்டத்துப் பந்தலில் திராட்சை எப்படி என்று அம்மாவிடம் கேட்டானாம். திரும்பும்போது டிரைவரிடம் இதையே மூன்று தடவை சொன்னேன்.

12 ஜூன்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

வழக்கமாகக் காரை ஊர் மந்தைத் திடலிலேயே விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு நடந்து போவேன். இன்று சாரல். புடவை நனையுமே என்று வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். காரின் இரண்டு பக்கமும் 'மனநல சேவை' என்று முழ நீள எழுத்து. உள்ளே அவன் தங்கை ஓவியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா காரைப் பார்த்தார், என் கழுத்து அட்டையைப் பார்த்தார், காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

விஜய்பாண்டியின் அம்மா சங்கிலியம்மாள் கத்தக்கூட இல்லை. "போயிருங்கத்தா. இனிமே இங்கன வராதீக."

13 ஜூன்

போனை எடுக்கவில்லை.

19 ஜூன்

பஸ்ஸில் போனேன். கதவு திறக்கவில்லை.

20 ஜூன்

மேனேஜர் இம்மானுவேல் சாரிடம் காரில் இருக்கிற எழுத்தைச் சுரண்டச் சொன்னேன்.

"நம்ம பேரு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு என்ன சார், கதவு தெறக்கலையே."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் பேசினேன். அவர் டிரைவரைக் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் அதை எடுத்துவிடச் சொன்னார். நல்ல மனுஷன்.

26 ஜூன்

இன்று கதவு திறந்தது. சங்கிலியம்மாள் முகம் வற்றிப்போயிருந்தது.

"மாத்திரையத் தொட மாட்டேங்கிறான். வந்தவுக எந்திரிச்சுப் போனது தன்னாலதான்னு சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கான்."

என் சோம்பலுக்கு அவனா தண்டனை அனுபவிப்பது? அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். படித்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"தம்பி, ஒன்னால இல்ல. சேலை நனையும்னு காரை வாசல்ல நிறுத்தச் சொன்னது நான். ஒங்க அம்மாகிட்ட, தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஒன்கிட்டயும் கேக்குறேன்."

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"அப்ப மாத்திரைய நீங்கதானக்கா போடணும்."

சங்கிலியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

3 ஜூலை

ஏழு நாளும் மாத்திரை போட்டிருக்கிறான். ஓவியாவிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். "எங்கண்ணனுக்காக எந்திரிச்சுப் போறவுக வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்? விடுங்கக்கா" என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண். இவளை எங்கள் கம்பெனிக்கே இழுத்துவிடலாமா?

31 ஜூலை

மந்தை வரை என்னோடு நடந்து வந்தான். கடையில் டீயும் வாங்கித் தந்தான்.

28 ஆகஸ்ட்

பதினோரு மணிக்குப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு நிமிடம் எனக்கு உயிரே இல்லை. போன் அடித்தேன். ஆட்கள் பேச்சு, பெட்டிகளை ஏற்றுகிற சத்தம், நடுவில் விஜய்பாண்டி.

"அக்கா, பழம் வெட்டிக்கிட்டிருக்கோம், லாரி நிக்குது. இன்னைக்கு ஒங்களோட பேச நேரமில்ல. அடுத்த வாரம் வாங்க." வைத்துவிட்டான்.

சாயங்காலம் ஆபீசில் அன்றாட அறிக்கை எழுதினேன். மூன்று வருடத்தில் இவ்வளவு பெருமையோடு ஒன்றை எழுதியதில்லை.

சந்திப்பு நடக்கவில்லை. காரணம்: விஜய்பாண்டிக்குத் தோட்டத்தில் வேலை.