காய்ச்சிய தண்ணீருக்கு ஒரு பாட்டு

13 மே 1943

எங்கள் காஜா பெராங் ஊரில் விடாத மழை. இன்றும் மரவள்ளிக்கிழங்குதான்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து கண் சிவந்து வந்தார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்த்திருக்கிறார். குளத்தில் நிலா விழுவதைப் பற்றி நான் எழுதிய கவிதையை வாசித்துக் காட்டினேன். "அந்தக் குளத்துல கொசு முட்டையிடும், கோகிலா" என்றார். சிரிப்பதா, சண்டை பிடிப்பதா?

2 ஜூன்

சயாமுக்கு ரயில் பாதை போடத் தோட்டத்து ஜனங்களைக் கொண்டுபோனார்களே, அங்கே காலராவாம். நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரி டிரசர்களை அனுப்பச் சொல்லி ஜப்பான்காரன் உத்தரவு. தம்பிராஜா என்று அவர் பெயரும் வந்திருக்கிறது. அத்தை அழுதுகொண்டே இருக்கிறார். மகன் ஒருவன்தான் அவருக்கு. எனக்கு ஏன் அழுகை வரவில்லை?

4 ஜூன்

"தண்ணியக் காய்ச்சிக் குடிக்கணும்னு ஒரு பாட்டு எழுதிக் குடு" என்றார். "கிருமின்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பாட்டுன்னா வாயில நிக்கும்."

கோபம் வந்துவிட்டது. "என் தமிழ் இதுக்குத்தானா?"

"இதைவிடப் பெரிசா வேற எதுக்கு?" கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

எழுதினேன்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வை
குடிக்கும் முன்னே ஆற வை
ஆத்துத் தண்ணி அள்ளாதே
ஆசப்பட்டுக் குடிக்காதே

இதில் கவிதை எங்கே இருக்கிறது? அவருக்கோ பரம சந்தோஷம். சுருதி சேராமல் பாடிக்கொண்டே சட்டையை மடித்தார்.

7 ஜூன்

போய்விட்டார். லாரி கிளம்பும்போது ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "கொசுவலைய நல்லா செருகிட்டுப் படு" என்றார். அவ்வளவுதான்.

19 அக்டோபர்

ஒரு தகவலும் இல்லை.

11 பிப்ரவரி 1944

மருதமுத்து என்று ஒருவர் வீடு விசாரித்து வந்தார். சயாமிலிருந்து தப்பி வந்த தோட்டத்துக்காரர். கால் முழுக்கப் புண். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அப்போதே புரிந்துவிட்டது.

"டிரசரய்யா சொல்லிக்குடுத்த பாட்ட எல்லாரும் பாடுவோம்மா. பாடிக்கிட்டே தண்ணி காய்ச்சுவோம். எங்க கொட்டாயில சாவு கொறஞ்சுச்சு. அப்புறம் அடை மழை. வெறகெல்லாம் நனைஞ்சுபோச்சு. காஞ்ச வெறகு தேட ஆள் கேட்டாரு. ஜப்பான்காரன் அவரத்தான் அடிச்சான். எல்லாரும் ஆத்துத் தண்ணியத்தான் குடிச்சோம். அய்யாவுக்கும் வந்துருச்சு."

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கடைசியில என் பேரச் சொன்னாரா?"

"பொய் சொல்ல மனசு வரல தாயி. தண்ணி தண்ணின்னுதான் கேட்டாரு. காய்ச்சின தண்ணி இல்ல. இருந்ததக் குடுத்தோம். அத வாங்கிக் குடிச்சாரு."

12 பிப்ரவரி

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா கஞ்சி கொண்டுவந்தார். நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் தலைமுறைகளாக இங்கேயே இருந்து மலாய்தான் பேச்சு; அவருக்குத் தமிழ் வராது. என் தலையைத் தடவி, சபார், சபார் என்றார். பொறுத்துக்கொள் என்று மலாயில். எத்தனை நாளைக்கும்மா பொறுக்கறது?

3 மார்ச்

இரங்கற்பா எழுத உட்கார்ந்தேன். உயிர் பிரியும் வேளையில் என் பெயரை உச்சரித்தார் என்று தானாக வந்து விழுந்தது. ஓசை எவ்வளவு அழகாக இருந்தது! அடித்துவிட்டேன். அவர் தண்ணீர் கேட்டார். உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றிப்போனவர் வேறு என்ன கேட்பார்? காலராவில் அப்படித்தான் ஆகும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

தண்ணீர் என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. ஐயோ, எனக்கு எதுவுமே வரவில்லையே.

22 மே

ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை. கேட்டுப் பார்த்தேன், வார்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய படுக்கை விரிப்பில் தைத்த வெள்ளை யூனிபார்ம். காலையில் உடுத்திக்கொண்டு வந்தபோது அத்தை காலரை இழுத்துச் சரிசெய்தார். "எப்படியும் வெள்ளதான உடுத்தணும். இது பரவால்ல" என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பின்னாலேயே போயிருப்பேன். வார்டுக்கு நேரமாகிவிட்டது.