ரோப் கார் நிற்கும் இடத்துக்கு மேலே

பிப்ரவரி 20

மாண்புமிகு சரிவுப் பாதுகாப்பு அதிகாரி நெவெனா அம்மையார் அவர்களுக்கு,

இனி உன்னை இப்படித்தானே கூப்பிட வேண்டும்? இருபது வருடம் என்னோடு பனிச்சறுக்கு ஸ்கீயைத் தோளில் சுமந்து மலையேறியவள் நீ. நேற்று ரோப் கார் வரிசையில் ஊரே பார்க்க என் சீசன் சீட்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினாய். பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? தன் பூனைக்கு ஊசி போட என்னிடம் வரும் பல் டாக்டர். "என்ன மாட்டு டாக்டரம்மா, கள்ளப் பயணமா?" என்று கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு. வரட்டும் அந்தப் பூனை.

ஜனவரியில் இரண்டு வெளியூர்க்காரர்கள் என் தடத்தைப் பார்த்துக்கொண்டே முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் கிண்ணம் போல் இருக்கும் பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டார்கள். அதற்கு நானா பொறுப்பு? வெற்றிலை பாக்கு வைத்தா அழைத்தேன்? அதற்காக ரோப் கார் முடியும் இடத்தில் கயிறு கட்டி, "இதற்கு மேல் போகக் கூடாது" என்று பலகை வைத்தாய். சரி, அது அவர்களுக்கு. எனக்குமா? நான் கயிற்றைத் தாண்டினேன் என்றா சீட்டை வெட்டுவது?

உன் ரோப் காரும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். புதன்கிழமை கீழே ஆலைப் பாலத்திலிருந்து நடந்தே ஏறப் போகிறேன். காட்டு வழியில் உன் கயிறே குறுக்கே வராது. மலை என்ன உன் கம்பெனிக்காரன் அப்பன் வீட்டுச் சொத்தா? கிண்ணத்தில் யாரும் மிதிக்காத பனியில் என் ஸ்கீயின் கோடுதான் முதலில் விழும். உன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்.

என் போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி, ரோப் கார் ஓட்டும் கிரிலிடம் கொடு. மேலும் கீழும் போய் வருவதுதானே அவனுக்கு வேலை.

இப்படிக்கு,
சீட்டில்லாத யோர்தானா


பிப்ரவரி 22

அடி தானா,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது கிரில் சொன்னான்: "அக்கா, கவர் கையைச் சுடுது, பாத்துப் பிரிங்க." அவன் பிரித்துப் படித்திருக்க மாட்டான் என்று நம்புகிறேன். நம்பிக்கை கொஞ்சம்தான்.

வரிசையில் வைத்து வெட்டியதற்குக் காரணம் இருக்கிறது. உன்னைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் சிரித்தாய். அந்த இருவரை இருட்டும் நேரத்தில் கிண்ணத்திலிருந்து இழுத்து வந்தது நீயல்ல, நானும் என் ஆட்களும். ஒருவன் அழுதுகொண்டே கேட்டான், "தடம் இருந்துச்சே, அப்ப பாதைதானே?" நான் என்ன பதில் சொல்ல? அந்தத் தடம் போட்டவள் என் தோழி, பனியை மோந்து பார்த்தே படிப்பாள், நீ படிக்கத் தெரியாத மடையன் என்றா?

நடந்து வருகிறாயா, வா. தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தனியாக வராதே. பனிச்சரிவில் புதைந்தால் உன் முதுகில் இருக்கும் பனிவாரியால் உன்னை நீயே தோண்டி எடுக்க முடியுமா? மார்பில் கட்டியிருக்கும் சிக்னல் கருவி பனிக்கு அடியில் கத்தினால் கேட்பது யார்? உன் நாயா? அது அடுப்புக்குப் பக்கத்திலிருந்தே நகராது.

கோபம் ஆறினால் என் எண்ணைத் திறந்துவிடு. உன் குரலைக் கேட்காமல் எனக்கு நாள் நகரவில்லை.

என்றும்,
நெவெனா


பிப்ரவரி 27

அன்புள்ள அதிகாரிக்கு,

போனேன். நேற்று, தனியாக. முழுவதையும் எழுதுகிறேன், பயந்து சாவு.

காட்டு வழியில் ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தேன். கிளைக்குக் கிளை அது முட்டி, என் தலையில் பனியைக் கொட்டியது. ரோப் காருக்கு அடியில் போகும்போது கிரில் மேலிருந்து கத்தினான். "தானா அக்கா, சீட்டு வேணாம், சும்மா ஏறிக்கங்க! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!" "உன் டப்பாவ நீயே வச்சுக்கடா!" என்று திருப்பிக் கத்தினேன். வண்டிக்குள் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கா, அவனுக்கா, தெரியவில்லை.

மரங்கள் முடிகிற இடத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா இருந்தது. அதுவும் இரண்டு பேருக்கு. நீ கேட்டுக் கேட்டுத் தின்னும் காரத் தொத்திறைச்சி இருந்தது. பனியை அறுத்துப் பார்க்க ரம்பம், குத்திப் பார்க்கக் கம்பி, ஸ்கீ பின்னால் வழுக்காமல் ஒட்டும் ஏற்றப் பட்டைக்கு மெழுகு, எல்லாம் இருந்தது. தேநீர் இல்லை. கோப்பை இல்லை. காயத்துக்குக் கட்டுத்துணி இல்லை. அவையெல்லாம் எப்போதும் நீ சுமப்பவை. இருபது வருடப் பழக்கத்தில் என் பாதியை மட்டும் கட்டிக்கொண்டு மலையேறியிருக்கிறேன். ஊரில் யாரிடமும் சொல்லாதே, மானம் போய்விடும். தொண்டை வறண்டு, பனியை அள்ளித் தின்றேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் தின்றேன்.

அதற்கு மேல் ஏற்றப் பட்டையை ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொண்டு ஏறினேன். மேலே முகட்டின் இடுக்கு தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் கிண்ணம். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். அப்போது என் காலடியில் சரிவு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. சரியப் போகிறேன் என்று பனி சொல்லும் அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். சட்டென்று திரும்பி, "கேட்டுச்சாடி?" என்றேன்.

யாரும் இல்லை.

அழுகை வந்தது, நெவெனா. உன் மேல் இருந்த கோபத்தில்தான் அழுதேன், பயத்தில் இல்லை. சரி, கொஞ்சம் பயத்திலும்தான். ஏறிய தடத்திலேயே திரும்பி இறங்கிவிட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள்: உன் கயிற்றுக்காகத் திரும்பவில்லை. உன் பலகைக்காகவும் இல்லை. பனி சொன்னது, நான் கேட்டேன். அவ்வளவுதான்.

பனி இறுகட்டும். மறுபடியும் போவேன்.

யோர்தானா


மார்ச் 1

என் தானாவுக்கு,

நேற்று முன்தினம் நீ அழுததை நான் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாய், பிறகு தொப்பியை ஓங்கிப் பனியில் அடித்தாய்.

இல்லை, நேற்று முன்தினம் அல்ல. புதன்கிழமை. அன்றிலிருந்து எனக்கு நாள் கணக்கே குழம்பிக் கிடக்கிறது. நீ காட்டை விட்டு வெளியே வந்ததிலிருந்து நான் முகட்டில்தான் நின்றேன். காலில் ஸ்கீ, முதுகில் பனிவாரி, கண்ணில் பைனாகுலர். அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்ததாம். மேலாளர் தானே முகட்டுக்கு வந்து குதித்தார். "உங்க தோழிக்குக் காவல் காக்கவா சம்பளம் தர்றோம்?" என்றார். "ஆமா. பிடிக்கலன்னா வேற ஆளப் பாருங்க" என்றேன். அவர் வேறு ஆளைத் தேடவில்லை. இந்த மலையைத் தெரிந்த இன்னொருத்தி நீதான், உன்னை வேலைக்கு வைக்க அவருக்குத் தைரியம் இல்லை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கயிற்றையும் அவிழ்க்க மாட்டேன். நாளைக்கே நீ கயிற்றைத் தாண்டினாலும் சீட்டை மறுபடி வெட்டுவேன், அதே வரிசையில், அதே கத்தரிக்கோலால். ஆனால் தினமும் காலையில் பெரிய பிளாஸ்க்கில் இரண்டு பேருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வருகிறேன். ஏன் என்று கேட்காதே, கை தானாக ஊற்றுகிறது. உன் பங்கைக் கிரில் குடித்துவிட்டு, தேன் பத்தவில்லை என்கிறான்.

உன்னோடு ஏற வரும் புதன்கிழமை விடுப்புப் போட்டிருக்கிறேன். விடுப்பு நாளில் நான் அதிகாரி இல்லை. பனியும் இறுகி வருகிறது. ஒரே ஒரு நிபந்தனை: இருவரில் யார் "திரும்பு" என்றாலும் இருவரும் திரும்ப வேண்டும்.

இன்று மார்ச் ஒன்று, வசந்தத்தை வரவேற்று நூல் கட்டும் நாள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் உள்ளே இருக்கிறது. எத்தனை சண்டை வந்தாலும் ஒரு வருடமும் உனக்கு நூல் தராமல் இருந்ததில்லை. கட்டிக்கொள், இல்லையென்றால் நாய்க்குக் கட்டு.

உன்,
நெவெனா


மார்ச் 3

நெவெனா,

நூலை நாய்க்குக் கட்டவில்லை.

உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். நேரில் திட்டிக்கொள்ளலாம். நிபந்தனைக்குச் சம்மதம். தடம் போடுகிறவளுக்குத்தான் இறக்கத்தில் முதல் கோடு, அது நம் பழைய வழக்கம். அதிகாரி என்று சலுகை கேட்காதே. முதல் கோடு வேண்டுமென்றால் முன்னால் நடந்து மூச்சு வாங்கு.

புதன்கிழமை விடியும்போது ஆலைப் பாலத்தில் இருப்பேன். உனக்காகக் காத்து நிற்க மாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் ஏறுவேன்.

பை இப்போதே வாசலில் தயாராக இருக்கிறது. என் பாதியை மட்டும்தான் கட்டியிருக்கிறேன்.

தானா